‘எதிர்ப்பு ஊக்கி’ வேண்டாம், ‘எதிர்ப்புச் சீராக்கி’ என்று வைக்கலாம்

வணக்கம்ங்க.

உடலின் நோயெதிர்ப்பைக் கூட்டியோ குறைத்தோ மாற்றும் பொருளை இம்யூனோமாடுலேட்டர் (immunomodulator) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘எதிர்ப்பு ஊக்கி’ போதும் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சு வெட்பாலை மரம் பற்றிய கட்டுரையில்தானே தொடங்கியது, அதை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் காங்கேயம் பக்கம் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியோரம் இந்த மரம் ஒன்றிரண்டு நிற்கும். காய்கள் இரண்டிரண்டாகத் தொங்கும், நுனி மட்டும் ஒட்டியிருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்த இலையைக் கையால் பிய்த்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலோடு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் அடர்ந்த ஊதாவாகிவிடும். பச்சை இலையிலிருந்து இந்த நிறமா என்று முதல்முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, பூசக் கொடுப்பது இதைத்தான்.

சொரியாசிஸில் எதிர்ப்பு குறைந்தா கிடக்கிறது? கிருமி எதுவும் இல்லாமலே எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளையணுக்களான டி செல்கள் கிளம்பிவிடுகின்றன. இன்டர்லூக்கின் 17, 23 போன்ற சைகைப் புரதங்கள் பெருகுகின்றன. மேலே வர ஒரு மாதம் போல எடுக்க வேண்டிய தோல் செல்கள் சில நாளிலேயே வந்து செதிலாகக் குவிகின்றன. அங்கே தேவை ஊக்குவது இல்லை, தணிப்பது. வெட்பாலையில் இண்டிருபின் என்ற பொருள் இருக்கிறது. சீன மருத்துவத்தில் நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் பொடியிலும் அது உண்டு. அந்தப் பொடியில் செய்த களிம்பைத் தைவானில் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். வெட்பாலைக்கு அழற்சி தணிந்ததாக வந்திருப்பவை பெரும்பாலும் ஆய்வக, எலிச் சோதனைகள்தான். அதையும் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

இது வெறும் சொல் வழக்கும் இல்லை. சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிற ஒருவர், அந்த மாத்திரை எதிர்ப்பை அடக்கத்தான் தரப்படுகிறது என்று தெரியாமல், ‘எதிர்ப்பு ஊக்கி’ என்று எழுதிய லேகியத்தையும் சேர்த்து வாங்கினால் என்ன ஆகும்?

‘பண்பேற்றி’ என்றும் ஒருவர் சொன்னார். பண்பேற்றம், அதாவது மாடுலேஷன், வானொலிக்குச் சரி. அங்கே ஊர்தி அலை மேல் சைகையை ஏற்றுகிறார்கள். இங்கே எதையும் எதன்மேலும் ஏற்றவில்லை. ‘மட்டுப்படுத்தி’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் கேட்பவருக்குக் குறைப்பது மட்டுமே தோன்றும்.

‘சீராக்கி’ இரண்டு பக்கமும் போகும், கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். எதிர்ப்புத் தூண்டி, எதிர்ப்புத் தணிப்பி, எதிர்ப்புச் சீராக்கி என்று மூன்றும் ஒரு குடும்பமாகவும் நிற்கும். செயலுக்கு எதிர்ப்புச் சீராக்கம்.

அப்புறம், ‘நோயெதிர்ப்பு’ என்று முழுதாக எழுதச் சொல்பவர்களுக்கு: சொரியாசிஸில் அந்த எதிர்ப்பேதான் நோய். அதனால் முன்னால் இருக்கும் ‘நோய்’ இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. ஈழத்து நண்பர்கள் இந்த எதிர்ப்பை நிர்ப்பீடனம் என்றுதான் படித்திருப்பார்கள். ‘நிர்ப்பீடனச் சீராக்கி’ அவர்கள் காதுக்கு ஒத்து வருகிறதா என்று சொன்னால் இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.