பாங்காக்கில் பெரிய அளவுக்குத் தைத்துத் தரும் டெய்லர் தெரியுமா?

வணக்கம் தோழிகளே. பாங்காக் வந்து மூன்று நாளாகிறது, பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. போட்டு வந்த குர்தியும் இங்கே வாங்கிய யானைப் படம் போட்ட பேண்ட்டும்தான் கையிருப்பு. பேண்ட் எலாஸ்டிக் புண்ணியத்தில் ஏறியது.

பிரதுனாம் சந்தையில் அரை நாள் அலைந்தேன். எதைக் கேட்டாலும் ‘ஃப்ரீ சைஸ்’ என்கிறார்கள். யாருக்கு ஃப்ரீயோ! என் மார்பளவு 48 இஞ்ச். கை நுழைந்தால் தோள் நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். அதனால் தைத்துக்கொள்வதுதான் வழி. பாஹுரத் பக்கம் நம்மூர்த் துணிக்கடைகள் நிறைய இருப்பதால் துணிக்குக் கவலையில்லை. சுகும்விட்டில் நான் எட்டிப் பார்த்த டெய்லர்களோ ஆண்களுக்குக் கோட்டு தைப்பவர்கள்.

இரண்டு நாளில் ஒரு குர்தியும் சேலைக்கு ஒரு பிளவுஸும் தைத்துத் தருபவர் யாராவது தெரியுமா? பெண் டெய்லர் என்றால் நல்லது. அளவுக்குக் குர்தியைக் கழற்றிக் கொடுத்தால் நான் எதைப் போடுவது? டேப் வைத்துத்தான் அளக்க வேண்டும். கைக்குழி பிடிக்காமல் வெட்டத் தெரிந்தால் போதும், உள்தையலில் ஒரு இஞ்ச் விடச் சொல்வேன்.

கூலி எத்தனை பாட் ஆகும்? அப்புறம், 44 இஞ்ச் அகலத் துணியில் எனக்குக் குர்திக்கு மூன்று மீட்டர் போதுமா?