கடலோர புறநகர்ல வீடு: வாங்கிடலாமா, முதல்ல வாடகைக்குப் போகலாமா?

கரைதேடி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், ரெண்டு பசங்க, பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 4. இப்ப சிட்டிக்குள்ள ஒரு சின்ன வாடகை வீடு, ரெண்டு பேர் ஆபீஸும் பக்கம்தான், ஆனா பசங்க ஓடியாட இடமே கிடையாது. போன மாசம் சிட்டிக்கு வெளிய கடற்கரைய ஒட்டின ஒரு ஏரியாவுல வீடு பாத்தோம், மூணாவது மாடி, 15 வருஷக் கட்டடம், பால்கனியில நின்னா நேரா கடல். நாங்க போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெரு முழுக்க பசங்க சைக்கிள் ஓட்டிட்டு இருந்தாங்க, என் பொண்ணு கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்துட்டு "அம்மா இங்கயே இருந்துடலாமா"ன்னு கேட்டா, அதோட எனக்கு மனசு அங்கயே போயிடுச்சு. ட்ரெயின்ல 50 நிமிஷம்தான்னு புரோக்கர் சொல்றார், பேங்க் லோனும் கிட்டத்தட்ட ரெடி. எங்கப்பா மட்டும் வேண்டாம்மாங்கறார், ஏன்னு கேட்டா உப்புக்காத்துன்னு ஒரே வார்த்தையில நிறுத்திக்கறார். அந்த மாதிரி ஏரியாவுல இருக்கறவங்க, இருந்துட்டு வந்தவங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

கம்பிகட்டி:
அப்பா சொன்னது சரிதான்மா, அந்த ஒரு வார்த்தைக்குள்ள நிறைய இருக்கு. நான் சைட் இன்ஜினியர், 20 வருஷ சர்வீஸ்ல பாதி கடலோர வேலை. கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பிய சிமெண்டோட காரத்தன்மைதான் துருப்பிடிக்காம காப்பாத்துது. காத்துல வர்ற உப்புல இருக்கற குளோரைடு கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கி கம்பி வரைக்கும் போயிட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும். துரு, இரும்ப விட ரெண்டு மடங்குக்கு மேல இடத்த அடைக்கும், அதனால உள்ளயிருந்தே கான்கிரீட்டப் பிளக்கும். வெளிய முதல்ல தெரியறது கம்பி போற திசையிலயே ஒரு மயிரிழை விரிசல், அப்புறம் பழுப்பா ஒரு கறை, அப்புறம் ஒரு நாள் சன்ஷேட் அடிப்பக்கம் பத்தை பத்தையா பேந்து விழும். விக்கறவங்க பெயிண்ட் அடிச்சுட்டா முதல் ரெண்டும் மறைஞ்சுடும்.

அதனால பால்கனியில நின்னு கடலப் பாக்காதீங்க, திரும்பி நின்னு தலைக்கு மேல இருக்கற ஸ்லாப்ப பாருங்க. ஒரு சின்ன சுத்தியலால மெதுவா தட்டிக்கிட்டே போங்க, நல்ல கான்கிரீட் கணீர்னு கேக்கும், உள்ள பேந்திருந்தா டொக்குன்னு வெத்துச் சத்தம் வரும். பாத்ரூம் சீலிங், மொட்டைமாடி தண்ணித்தொட்டியோட அடிப்பக்கம், கார் நிறுத்துற இடத்துல தூண்களோட கால்பகுதி, இந்த மூணையும் பாக்காம வராதீங்க. உங்க வீடு மட்டும் நல்லா இருந்தா பத்தாது, கட்டடம் மொத்தமும் ஒண்ணுதான், சங்கத்துல ரிப்பேர் நிதி இருக்கா, கடைசியா எப்ப என்ன வேலை பாத்தாங்கன்னு கணக்கு நோட்டையே கேளுங்க. முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கான்கிரீட் தூள் எடுத்து குளோரைடு டெஸ்ட் பண்ணிப் பாக்கறது ரொம்ப நல்லது. கடல்லேர்ந்து தள்ளிப் போகப் போக காத்துல உப்பு வேகமா குறையும், அதனால அதே ஏரியாவுலயே ரெண்டு மூணு தெரு உள்ள தள்ளிப் பாத்தீங்கன்னா செலவு நிஜமாவே குறையும்.

ரெண்டுபுள்ளஅம்மா:
சிஸ்டர், நான் அந்த மாதிரி ஏரியாவுல 6 வருஷமா இருக்கேன், முதல் ரெண்டு வருஷம் வாடகை, அப்புறம்தான் வாங்கினோம். வீட்டப் பத்தி சார் சொல்லிட்டார், நான் நேரத்தப் பத்தி சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல சண்டை வந்ததெல்லாம் அதுலதான்.

50 நிமிஷங்கறது ட்ரெயின் கிளம்பி இறங்கற வரைக்கும். வீட்டுக் கதவப் பூட்டினதுலேர்ந்து ஆபீஸ் சீட்டுல உக்கார்ற வரைக்கும் எண்ணிப் பாருங்க, ஸ்டேஷனுக்குப் போறது, வண்டிய நிறுத்தறது, ட்ரெயின் வர்ற வரைக்கும் நிக்கறது, இறங்கி மறுபடி நடக்கறது, எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. போக வர 3 மணி நேரம், வாரத்துக்கு 15, வருஷத்துல 48 வாரம்னு வச்சா 720 மணி நேரம், அதாவது முழுசா 30 நாள். முதல் வருஷம் எங்க சின்னவ அப்பாவ வார நாள்ல முழிச்சிருக்கும்போது பாத்ததே கொஞ்சம்தான், ராத்திரி செருப்புச் சத்தம் கேட்டா தூக்கத்துலயே "அப்பா"ன்னுட்டு திரும்பிப் படுத்துக்குவா. அதுக்கப்புறம்தான் அவர் ஆபீஸ்ல பேசி வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து வேலைன்னு வாங்கினார், அது கிடைக்கலன்னா நாங்க வாங்கியிருக்கவே மாட்டோம்.

இன்னொண்ணு, இதுதான் யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்கூல்லேர்ந்து மத்தியானம் போன் வரும், புள்ளைக்கு ஜுரம், கூட்டிட்டுப் போங்கன்னு. அப்ப ரெண்டு பேரும் சிட்டியில இருந்தா யார் போவா? நீங்க கிளம்பிப் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள ரெண்டு மணி நேரம் சிக் ரூம்ல படுத்திருக்கும். டே கேர் மூடற நேரத்துக்கும் உங்க ட்ரெயின் வர்ற நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கு, ட்ரெயின் லேட்டானா யார் இருப்பாங்க, இதை முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையாவது பக்கத்துல இருந்தா வாழ்க்கையே வேற மாதிரி இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் நான் இங்கேர்ந்து போக மாட்டேன். சாயங்காலம் கடல் காத்து வந்துட்டா வீடே மாறிடும், பசங்க மணல்லயே வளர்றாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க என் புள்ளைங்களையும் சேத்துப் பாத்துக்கறாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு திங்கக்கிழமை காலையில அந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்துல போய் நில்லுங்க.

நன்னீர்:
தண்ணி விஷயத்த யாரும் தொடல. கடலோரத்துல நிலத்தடி நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, அதைத் திருப்பிப் பாருங்க, எல்லாரும் மோட்டார் போட்டு மேல அரை மீட்டர் இறக்கிட்டா கீழேர்ந்து உப்பு 20 மீட்டர் ஏறி வரும். அதனால வெயில் காலத்துக் கடைசியில குழாய்த் தண்ணிய வாயில வச்சுப் பாருங்க, ஷவர் ஓட்டைகள்ல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க. மழைக்கு எந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சுன்னு புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, தரைத்தளத்துல குடியிருக்கறவங்ககிட்ட கேளுங்க. 1901லேர்ந்து 2018க்குள்ள உலக அளவுல கடல் மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு, ஏறற வேகமும் கூடிட்டு வருது, நீங்க 20 வருஷ லோன் போடறீங்க. இன்சூரன்ஸ்ல வெள்ளத்துக்கும் புயலுக்கும் தனித்தனியா என்ன எழுதியிருக்குன்னு வரி வரியா படிங்க.

பசங்க கடல்ல இறங்குவாங்கன்னா ஒண்ணு சொல்லிக் குடுங்க. ரெண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவுல மட்டும் அமைதியா தெரியற இடம் பத்திரமான இடம் இல்ல, உள்ள இழுக்கற நீரோட்டம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும்.

கரைதேடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு ராத்திரியெல்லாம் பேசினோம். நேத்து லீவு போட்டுட்டு நானும் அவரும் காலை ட்ரெயின்லயே போய்ப் பாத்தோம், கதவுலேர்ந்து கதவுக்கு 1 மணி 35 நிமிஷம், அவர் முழுக்க நின்னுக்கிட்டே வந்தார். அப்பாவும் சுத்தியலோட வந்தார். ஹால் நல்லா இருந்துச்சு, பாத்ரூம் சீலிங்ல ஒரு மூலையில மட்டும் சத்தம் மாறிச்சு, அப்பா என்னைப் பாத்தார், நான் ஒண்ணும் சொல்லல. லோன நிறுத்தி வச்சிருக்கோம். அதே ஏரியாவுல மூணு தெரு உள்ள ஒரு வாடகை வீடு காலியா இருக்கு, ஒரு வருஷத்துக்கு அங்க போய் மழை, வெயில், ஸ்கூல் எல்லாத்தையும் பாத்துடலாம்னு இருக்கோம். பொண்ணுகிட்ட கடல் தெரியாது ஆனா சைக்கிள் உண்டுன்னு சொன்னேன், சரின்னுட்டா. வாடகை ஒப்பந்தத்துல ஏதாவது கவனிக்கணுமா?

ரெண்டுபுள்ளஅம்மா:
கண்டிப்பா. ஏசியோட அவுட்டோர் யூனிட், கேஸ்மெண்ட் ஜன்னல் கீல், கேட்டு, கிரில், இதெல்லாம் உப்புல போகும், அதுக்குச் செலவு யாருதுன்னு பேரு போட்டு எழுதி வாங்குங்க. எங்க முதல் வாடகை வீட்டுல ஓனர், துருவெல்லாம் நீங்க பண்ணின சேதம்னு அட்வான்ஸ்ல கழிச்சுட்டார். குடிபோற அன்னிக்கே ஒவ்வொரு கீலையும் கிட்டத்துல போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி வச்சிடுங்க. ஏசி யூனிட் மேல மாசத்துக்கு ஒரு தடவை, மெயினை ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணிய மெதுவா ஊத்திக் கழுவினா இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.