புதுப்பிப்பு: இடித்தவரின் காப்பீடு போதவில்லை – கலிஃபோர்னியாவில் மீதித் தொகை வந்த வழி

சிக்னலில் நின்ற என் காரைப் பின்னால் வந்தவர் இடித்தார். அவருடைய பாலிசி வரம்பு 15,000 டாலர்தான், மருத்துவச் செலவோ அதற்கு மேல் பல மடங்கு. மீதியை யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"உங்கள் சொந்த பாலிசியின் டிக்ளரேஷன் பக்கத்தில் (வரம்புகளைப் பட்டியலிடும் பக்கம்) அண்டர்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் வரியைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இடித்தவரின் காப்பீடு போதாதபோது மீதியை நம் நிறுவனமே தரும் பிரிவு அது. முதலில் இடித்தவரின் நிறுவனத்திடம் 15,000-ஐ முழுதாக வாங்கி, அந்தச் சான்றை நம் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் இந்த க்ளெய்ம் நகராது.

எதிர்பாராதது: இந்தப் பிரிவில் என் வரம்பு 1,00,000. ஆனால் இங்கே இரண்டையும் கூட்டமாட்டார்கள், கழிப்பார்கள். ஆக உச்சம் 85,000. 2025 முதல் சட்டப்படி ஒருவருக்கான குறைந்தபட்சக் காயக் காப்பீடு 30,000. நீங்களும் 30,000 மட்டும் வைத்து, இடித்தவரிடமும் அதே இருந்தால் இந்தப் பிரிவில் ஒரு டாலரும் வராது. தயவுசெய்து வரம்பை உயர்த்துங்கள்.

இடித்துவிட்டு ஓடியவர் என்றால், நம் பாலிசியில் க்ளெய்ம் செய்ய 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் அவசியம். வண்டிகள் உரசியிருக்கவும் வேண்டும். கார் ரிப்பேர் இதில் வராது, அது கொலிஷன் (நம் வண்டியின் மோதல் சேதத்துக்கான காப்பீடு) கணக்கு. தவறு நம்முடையது இல்லை என்பதால் இந்த மாநிலத்தில் பிரீமியத்தை ஏற்ற முடியாது.