கனடாவில் சொந்தத் தொழில், முதல் வருட வரி: எதைச் செலவாகக் காட்டலாம், எங்கே மாட்டுப்படுவோம்

கேள்வி: ஸ்காபரோவில் செப்டெம்பர் முதலாம் திகதி முதல் சாப்பாட்டு டெலிவரி செய்கிறேன். இனி ஊபரில் ஆட்களையும் ஏற்ற யோசனை. ரி4 (முதலாளி தரும் சம்பள வரிச் சீட்டு) எதுவும் வராது, எல்லாம் நானே காட்ட வேண்டும் என்கிறார்கள். பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணாமார், அக்காமார், எவற்றைக் கழிக்கலாம்? எப்போது கட்ட வேண்டும்?

பதில்: தம்பி, அந்தப் பையை விடப் பெறுமதியானது ஓட்டக் கணக்குக் கொப்பி. வாகனத்தை வைத்து உழைப்பவருக்குப் பெரிய செலவே கார்தான். அதில் எத்தனை பங்கு தொழிலுக்கு ஓடியது என்று காட்ட முடியாவிட்டால், பற்றுச்சீட்டு எவ்வளவு இருந்தும் கணக்கு நிற்காது.

கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் திகதி, போன இடம், எதற்காக, எத்தனை கிலோமீற்றர். தொழில் தொடங்கிய நாளிலும் டிசம்பர் 31 இலும் ஓடோமீற்றர் எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். செயலி தரும் வருடச் சுருக்கத்தில் உள்ள தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஓர்டர் கையில் இருந்த நேரத்து ஓட்டம். அடுத்த ஓர்டருக்காகச் சுற்றியது அதில் வராது, நட்டம் உங்களுக்குத்தான். அதேபோல் கடைக்கும் கோயிலுக்கும் போனதைத் தொழில் ஓட்டமாக எழுதவும் கூடாது.

கணக்கு இப்படி. கார் மொத்தம் 30,000 கிலோமீற்றர் ஓடி, அதில் 21,000 தொழிலுக்கு என்றால் உங்கள் பங்கு 70 வீதம். பெற்றோல் 5,200 டொலர், காப்புறுதி 3,600, திருத்த வேலையும் ரயரும் 1,800, கார்க் கடன் வட்டி 900. கூட்டினால் 11,500. அதில் 70 வீதம், 8,050 டொலர். தொழிலுக்காக மட்டும் கட்டிய தரிப்பிடக் கட்டணமும், தொழில் ஓட்டத்துக்காக மேலதிகமாக எடுத்த காப்புறுதியும் இந்த 70 வீதத்துக்குள் வராது. அவற்றை முழுதாகவே சேர்க்கலாம். தரிப்பிடக் கட்டணம் வேறு, தரிப்பிடத் தண்டம் வேறு. தண்டம், வேகத்துக்கு விழுந்த ரிக்கெற் எதையும் காட்ட முடியாது.

‘கிலோமீற்றருக்கு இத்தனை சதம்’ என்று பலர் சொல்லுவார்கள். அது முதலாளி தன் ஊழியருக்குக் கொடுக்கும் படிக்கான கணக்கு. சொந்தத் தொழில் செய்பவர் கனடாவில் உண்மையான செலவைத்தான் காட்ட வேண்டும். ஆகவே பெற்றோல் பற்றுச்சீட்டும் வேண்டும். கடனட்டைக் கூற்று மட்டும் காணாது, என்ன வாங்கினீர்கள் என்று அது சொல்லாது. அந்த மெல்லிய கடதாசியில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும், அன்றன்றே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வரி வருடம் முடிந்து ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும்.

காரின் விலையை ஒரேயடியாகச் செலவாக்க முடியாது. பெறுமதி குறைவதற்கான தேய்மானமாக வருடா வருடம் கழிக்க வேண்டும்: சாதாரண காருக்கு மிச்சப் பெறுமதியில் வருடம் 30 வீதம் வரை, அதிலும் தொழில் பங்கு மட்டும். நீங்கள் செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கியதால் முதல் வருடத்தில் 365 இல் 122 நாளுக்குரியதே கிடைக்கும். தேய்மானத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. வருமானம் குறைந்த வருடத்தில் எடுக்காமல் விட்டால் அது அடுத்த வருடங்களுக்கு மிஞ்சும். கடன் மாதத் தவணையை அப்படியே செலவாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. வாங்கிய கடன் தொகையைத் திருப்பிக் கட்டுவது செலவு அல்ல.

இவை எல்லாம் ரி2125 என்ற படிவத்தில், உங்கள் தனிநபர் வரி அறிக்கையோடு போகும். வருமானப் பக்கத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது: வங்கியில் விழுந்த தொகையை வருமானம் என்று எழுதுவது. பயணிகள் 31,000 டொலர் கட்டி, நிறுவனம் 7,500 எடுத்துக்கொண்டு 23,500 போட்டிருந்தால், வருமானம் 31,000. 7,500 ஒரு செலவு. மிச்சம் ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் 2024 ஆம் ஆண்டு உழைப்பிலிருந்து இந்தச் செயலி நிறுவனங்கள் உங்கள் விபரத்தை வருமானவரித் திணைக்களத்துக்கு நேரடியாக அனுப்புகின்றன. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கடிதம் வரும்.

இன்னொருவர்: மேலே சொன்னது சரி. எச்எஸ்ரியை, அதாவது நம் மாகாணத்து 13 வீத விற்பனை வரியை, நான் சேர்க்கிறேன். சாப்பாட்டு டெலிவரி மட்டும் என்றால், தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆட்களை ஏற்றினால் அந்த 30,000 கணக்கே கிடையாது. டாக்சி போல, முதல் ஓட்டத்துக்கு முன்பே பதிவு வேண்டும். ‘இன்னும் முப்பதாயிரம் வரவில்லை’ என்று ஓடுகிறவர்கள், வாங்காத 13 வீதத்தைப் பிறகு கையிலிருந்து கட்ட நேரிடும்.

பதிந்த பிறகு பெற்றோலிலும் திருத்த வேலையிலும் நீங்கள் கட்டும் எச்எஸ்ரியில் தொழில் பங்கைத் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் ரி2125 இல் அந்தச் செலவை வரி நீக்கிய தொகையாகவே போட வேண்டும், இரண்டு இடத்திலும் எடுக்கக்கூடாது. பற்றுச்சீட்டு 100 டொலருக்குக் குறைவென்றால் கடைப் பெயர், திகதி, மொத்தம் போதும். 100 இலிருந்து விற்பவரின் எச்எஸ்ரி இலக்கமும் வரியும் தெரிய வேண்டும். 500 இலிருந்து உங்கள் பெயரும் என்ன வேலை என்ற விபரமும் வேண்டும். தெரிந்த கராஜில் வெறும் துண்டில் எழுதித் தரும் 900 டொலர் பில் இந்த இடத்தில்தான் விழுந்துவிடும்.

மற்றச் செலவுகள் சுருக்கமாக: கைத்தொலைபேசிக் கட்டணத்தில் தொழில் பங்கு, சூடு காக்கும் பை, தொலைபேசி தாங்கி, கணக்காளர் கட்டணம், எல்லாம் சரி. குளிருக்கு வாங்கிய ஜக்கெட், சப்பாத்து சொந்தச் செலவு. வேலை நேரத்தில் நீங்கள் சாப்பிட்டதும் அப்படியே. 50 வீதம் காட்டலாம் என்பது வாடிக்கையாளரோடு தொழில் பேசிச் சாப்பிடுவது போன்றவற்றுக்கு. வீட்டு அறையின் செலவைக் கழிக்க வேண்டும் என்றால், அந்த அறைதான் தொழிலின் முதன்மை இடமாக இருக்க வேண்டும், அல்லது தொழிலுக்கு மட்டும் பயன்பட்டு அங்கே வாடிக்கையாளர் வழக்கமாக வந்து போக வேண்டும். டெலிவரிக்கு அது பொருந்துவது கடினம். வீட்டிலிருந்து புத்தகக் கணக்குப் பார்ப்பவர், கேக் செய்து விற்பவர் பரப்பளவின்படி வாடகை, மின்சாரத்தில் பங்கு எடுக்கலாம். ஆனால் அந்தக் கழிவால் நட்டம் உருவாக்க முடியாது, மிஞ்சியது அடுத்த வருடத்துக்குப் போகும்.

முதலாமவர்: திகதியை மறந்துவிட்டேன். அறிக்கை அனுப்ப ஜூன் 15 வரை நேரம். காசு கட்ட ஏப்ரல் 30 தான் கடைசி. மே 1 இலிருந்து வட்டி. ஜூன் 15 ஐயும் தவறவிட்டால், கட்ட வேண்டிய தொகையில் 5 வீதம், பிறகு மாதத்துக்கு 1 வீதம் தண்டம்.

வருமான வரி குறைவென்றாலும் சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டக் கட்டணம்) விடாது. முதலாளி பங்கும் உங்கள் பங்கும் சேர்த்து 11.9 வீதம். செலவு போக 20,000 டொலர் மிஞ்சினால், முதல் 3,500 ஐக் கழித்து 16,500 இல் 1,963.50 டொலர். வரும் காசில் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்காதவர்களுக்கு ஏப்ரல் கசக்கும்.

கடைசியாக, சிலர் சந்தோசமாகச் செய்துவிட்டுப் பிறகு வருந்துவது: செலவை ஊதிக் காட்டி, தேறிய வருமானத்தை 9,000 ஆக்குவது. வருமானம் குறைந்தால் அரசு தரும் பிள்ளைகள் கொடுப்பனவு கூடும், உண்மை. வீடு வாங்கப் போனால் வங்கி கேட்பது வழக்கமாக இரண்டு வருட மதிப்பீட்டு அறிவித்தல் (அறிக்கையைப் பார்த்துத் திணைக்களம் அனுப்பும் கடிதம்), அதில் இருக்கும் 9,000 ஐத்தான் பார்க்கும். திணைக்களம் கணக்கைத் திறந்தால் கொடுப்பனவும் திரும்பப் போகும். உண்மையான செலவை ஒரு சதம் விடாமல் எடுங்கள், அதற்கு மேலே போகாதீர்கள்.

கேள்வி: மிக்க நன்றி. ஊரிலிருந்து கொண்டு வந்த மடிக்கணினி, கமெராவைத் தொழிலுக்குப் பாவித்தால்? வாங்கிய பில் இல்லை.

பதில்: பழைய விலை தேவைப்படாது. கனடாவில் வதிவாளராகிய நாளில் அவற்றை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு தொழிலுக்கு மாற்றும் நாளில் விலை அதைவிடக் குறைந்திருந்தால் அந்தக் குறைந்த தொகையில்தான் தேய்மானம் தொடங்கும். அதே மாதிரிப் பழைய பொருள் இங்கே இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று விளம்பரத்தைப் படம் எடுத்து, திகதியோடு அந்தக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள்.