திருமணமே செல்லாது என்று தீர்ப்பு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

கல்யாணமான நாலாவது மாசம், அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு நகல் கையில் கிடைத்தது. அவருக்கு ஏற்கெனவே திருமணமாகி விவாகரத்தும் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று இரவே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "தெரிந்த பிறகு அவரோடு எத்தனை நாள் வாழ்ந்தீங்க?" ஒரு நாள்கூட இல்லை என்றதும்தான் பேனாவை எடுத்தார். இந்து திருமணச் சட்டம் 12ஆவது பிரிவுப்படி, முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். மோசடி தெரிந்த 1 வருடத்துக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. விவாகரத்து மனுவுக்குத்தான் பொதுவாகக் கல்யாணமாகி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். "தரகரிடம் சொல்லிவிட்டோம்" என்று அவர்கள் சாதித்ததில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. என்னைக் காப்பாற்றியது ஜாதகத்தோடு வந்த பயோடேட்டா. "முதல் மணம்" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். கல்யாணப் பேச்சில் வரும் எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

மறுமொழி 1
அக்கா, இந்த ஒரு வருடக் கணக்கு எங்களுக்குத் தெரியாமல் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் மறைத்தது தெரிந்தும் "அனுசரிச்சுப் போ" என்று தங்கையை மூன்று தடவை திருப்பி அனுப்பினோம். கொண்டுபோய் விட்டவன் நான்தான். கடைசியில் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துதான் கிடைத்தது.

மறுமொழி 2
நான் கத்தோலிக்கர். திருச்சபைத் தீர்ப்பாயம் எங்கள் திருமணம் செல்லாது என்றதும் எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். சட்டத்தின் கண்ணில் நான் இன்னும் மனைவிதான் என்று வக்கீல் சொன்னபோது ஆடிப்போனேன். சிவில் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டதாம். முதலிலிருந்து மனு போட்டேன்.

மறுமொழி 3
எனக்கு ஒரு மகன் இருக்கிறான். திருமணம் செல்லாது என்றால் அவன் நிலைமை என்ன ஆகும் என்ற பயத்திலேயே மனு போடாமல் இருக்கிறேன்.

பதிவிட்டவர்
அந்தப் பயமே வேண்டாம் சகோதரி. அதே சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி அவன் முறையான வாரிசுதான். அப்பா சொத்திலும் உரிமை உண்டு. உங்களுக்கு விஷயம் தெரியவந்த தேதி எது? அதை முதலில் குறித்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.