வெள்ளவத்தைக் கால்வாய் வாயில் கடல்நீர்: ஒட்சிசன் 7.8 காட்டுவது சரியா?

கொழும்பு6_கழகம்:
வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்திலும், அதற்கு 500 மீற்றர் தெற்கேயும் வாரம் ஒருமுறை நீர் எடுக்கிறோம் (பாடசாலைச் சுற்றாடல் கழகம்). 28°Cஇல் ஒட்சிசன் 7.8 மி.கி./லீ. காட்டுகிறது. கழிவு வாடை அடிக்கும் நாளிலும் அதேதான். ஆனால் சிஓடி (நீரிலுள்ள கழிவை இரசாயனத்தால் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசன் அளவு) நூற்றுக்கணக்கில் வருகிறது. எதை நம்புவது? குளிக்கலாமா என்று சொல்ல எதை அளக்கவேண்டும்?

உப்புமானி:
இரண்டையும் நம்பவேண்டாம். 7.8 என்பது 28°Cஇல் நன்னீரின் நிறைவளவு, அதாவது காற்றிலிருந்து அதில் கரைந்து நிற்கக்கூடிய அளவு. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது சுமார் 6.4தான். மீற்றரின் புரோப் (நீரில் இறக்கும் உணரி) உணர்வது ஒட்சிசனின் அழுத்தத்தை மட்டும், மி.கி. கணக்கை மீற்றர் போட்டுக்கொள்கிறது. உங்கள் மீற்றரில் உவர்த்தன்மை 0 என்றே கிடக்கிறது போல. கால்வாய் வாயில் உப்பு மழைக்கு மழை மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்து மீற்றரில் போடுங்கள். திருத்தினாலும் பெரிய பயனில்லை: அலை உடையும் இடத்தில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் கழிவு வந்தாலும் ஒட்சிசன் இறங்காது. கால்வாய்க்குள்ளே, பாலத்தடியில் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

சிஓடி வீண் செலவு. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19 கிராம் குளோரைட்டு. சிஓடி சோதனையில் சேர்க்கும் டைகுரோமேற்று கழிவோடு அதையும் ஒட்சியேற்றிவிடும், எண் பொய்யாக ஏறும். குளோரைட்டை அடக்க மேர்க்கூரிக் சல்பேற்று சேர்த்தாலும் வழமையான முறை 2,000 மி.கி./லீ. குளோரைட்டுக்கு மேல் தாங்காது. அமோனியாவுக்கு நெஸ்லர் கிட்டும் வேண்டாம், மக்னீசியத்தால் கலங்கிப்போகும்.

அகார்_தட்டு:
குளிப்பதற்கு என்டரோகொக்கஸ் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பற்றீரியா) பாருங்கள். அதேபோன்ற இன்னொரு பற்றீரியாவான ஈ.கோலை உப்பிலும் வெயிலிலும் சீக்கிரம் செத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2003 வழிகாட்டலில் 100 மி.லீ.க்கு 95ஆம் சதமானம் (நூற்றில் 95 மாதிரிகள் தாண்டாத எண்ணிக்கை) 40 வரை முதல் தரம், 500ஐத் தாண்டினால் கடைசித் தரம். பல மாதிரிகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. ஒரு போத்தலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இடுப்பளவு நீரில் நின்று, காலால் கிளறிய மணல் அடங்கியபின் எடுங்கள். மணலிலேயே இந்தக் கிருமி தங்கியிருக்கும். கிருமிநீக்கிய போத்தலை வாய் கீழாக 30 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். மேலே இரண்டு செ.மீ. வெற்றிடம் விடுங்கள், குலுக்க இடம் வேண்டும். ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீர் மூடிவரை ஏறக்கூடாது. 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச்சேர வேண்டும். என்டரோலேர்ட் (என்டரோகொக்கஸ் எண்ணும் சோதனைக் கிட்) என்றால் 10 மி.லீ. மாதிரிக்கு 90 மி.லீ. கிருமிநீக்கிய நீர் சேர்த்து, 41°Cஇல் 24 மணி வைக்கவேண்டும். ஐதாக்காமல் போட்டால் உப்பினால் முடிவு குழம்பும்.

எப்போதும் காலையில், ஒரே நேரத்தில் எடுங்கள். மதிய வெயிலில் எண்ணிக்கை விழுந்துவிடும்.

கரையோட்டம்:
தெற்கே மட்டும் எடுத்தால் போதாது. தென்மேற்குப் பருவக்காற்றில் கரையோர ஓட்டம் பெரும்பாலும் வடக்கே இழுக்கும், கால்வாய் நீரும் பம்பலப்பிட்டிப் பக்கம் போகும். அப்போது உங்கள் தெற்குப் புள்ளி சுத்தமாகவே காட்டும். வடக்கிலும் 100, 500 மீற்றரில் எடுங்கள். முந்தைய 48 மணிநேர மழையையும் குறியுங்கள், அதில்லாமல் எண்களை ஒப்பிட வழியில்லை. மே முதல் செப்டெம்பர் வரை பிள்ளைகளைக் கடலுக்குள் இறக்கவேண்டாம். நீண்ட கம்பின் நுனியில் போத்தலைக் கட்டி எடுக்கலாம்.