போர்ட்டோ லெல்லோ புத்தகக் கடை: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் அம்மாவும் நானும் போர்ச்சுகல் போகிறோம். லிஸ்பனில் 1732-ல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக் கடையைப் பார்ப்பது உறுதி. உள்ளே போகக் காசு இல்லை, வேண்டிய மட்டும் புரட்டலாம். குழப்பமெல்லாம் போர்ட்டோவின் லெல்லோ கடையில்தான்.

1906-ல் திறந்த கடை. நடுவில் இரண்டாகப் பிரிந்து வளைந்தேறும் சிவப்புப் படிக்கட்டு, மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. படத்தில் பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. நுழையவே டிக்கெட் எடுக்க வேண்டும். புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். ஆனால் செல்ஃபி கூட்டத்தில் நின்று புத்தகம் பார்க்க முடியுமா?

அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற மாட்டார். கீழ்த்தளத்தில் மட்டும் இருந்தாலே போதுமா? உட்கார இடம் உண்டா? கூட்டம் குறைய எந்த நேர டிக்கெட் எடுக்கலாம், காலையா, மூடும் நேரமா? ஆங்கிலப் புத்தகங்கள் ஓரளவு கிடைக்குமா? எனக்குப் போர்ச்சுகீசியம் சுத்தமாகத் தெரியாது. லிஸ்பனிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். காலையில் போய் இரவே திரும்பினால் அம்மா தாங்குவாரா, அல்லது ஒரு ராத்திரி தங்கிவிடலாமா?

கூகுள் விமர்சனம் வேண்டாம், நேரில் போனவர்கள் சொன்னால் நல்லது.